ரூம் போட்டாச்சா?

மண்டபம் கிடைத்துவிட்டது. சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. வெளியூர்ச் சொந்தங்களை எங்கே தங்கவைப்பது என்ற இடத்தில்தான் இன்றைய கல்யாண வீடுகள் திணறுகின்றன.

வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை. மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு விடுதியின் வரவேற்பறை. காலை ஐந்தே முக்கால். சென்னை வண்டியில் வந்து இறங்கிய பதினோரு பேர் நிற்கிறார்கள். பட்டுப்புடவை கசங்கிவிடக் கூடாதென்று ஒரு பெட்டியை மட்டும் தரையில் படுக்கப்போட்டு, அதன்மேல் யாரும் உட்காராதபடி ஓர் அம்மா காவல் இருக்கிறார். சோபாவின் நுனியில் உட்கார்ந்திருக்கும் தாத்தா, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார். "கல்யாண பார்ட்டிங்களா? உங்க பேருக்கு மூணு ரூம் போட்டிருக்கு சார். ஆனா செக்-இன் பன்னெண்டு மணிக்குத்தான்" என்கிறார் கவுன்ட்டரில் இருக்கும் இளைஞர். மாப்பிள்ளையின் சித்தப்பா போனை எடுக்கிறார். பெண்ணின் அப்பா மண்டப வாசலில் வாழைமரம் கட்டவந்த ஆளோடு பேசிக்கொண்டிருக்கிறார், மணி அடிப்பது காதில் விழவில்லை. குழந்தைக்குப் பால் கரைக்கக் கொஞ்சம் வெந்நீர், பெரியவர்களுக்கு ஒரு பாத்ரூம், இப்போதைக்குத் தேவை அவ்வளவுதான். அதற்கு இன்னும் ஆறேகால் மணி நேரம் இருக்கிறது.

முகூர்த்த சீசனில் தமிழ்நாட்டின் எந்த ஊர் ஸ்டேஷன் வாசலிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. இதில் யார்மீது தப்பு? விடுதிக்காரர் தன் விதியைச் சொல்கிறார். பெண்ணின் அப்பா பணம் கட்டித்தான் அறை பிடித்திருக்கிறார். வந்தவர்களும் சொன்ன நாளில்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் எந்த வண்டியில் வருகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று இவர்களை ஒருவரும் கேட்கவில்லை. வெளியூர் விருந்தாளிக்கு அறை போடும் விஷயத்தில் கல்யாண வீடுகள் இழக்கிற பணத்துக்கும் சம்பாதிக்கிற மனக்கசப்புக்கும் பெரும்பாலும் காரணம், நேராகக் கேட்பதற்குப் படுகிற கூச்சம். அறை பற்றாக்குறை, வாடகை உயர்வு, ஆடம்பர மோகம் எல்லாம் அதற்கு அப்புறம்தான் வருகின்றன.

சத்திரத்தில் இருந்த அறை

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் நிற்கிறது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணியின் பெயர் தாங்கிய கட்டடம், வழிப்போக்கர்கள் தங்குவதற்காக எழுந்தது. கல்யாண மண்டபத்தை இன்றும் 'சத்திரம்' என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள், "சத்திரம் பிடிச்சாச்சா?" என்றுதான் அவர்கள் விசாரிப்பார்கள். தாலி கட்டும் இடத்துக்கு, படுத்துத் தூங்கும் இடத்தின் பெயரை வைத்திருந்த மொழி இது. விருந்தாளி தங்குவது கல்யாணத்துக்குள்ளேயே அடக்கம், தனியாக ஏற்பாடு செய்யும் சமாசாரம் இல்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்த காலத்தின் மிச்சம் அந்தச் சொல்.

கிராமத்தில் அந்த வேலையைத் தெருவே பார்த்தது. வாசலில் பந்தல், எதிர்வீட்டு மாடியில் ஆண்கள், பக்கத்து வீட்டுக் கூடத்தில் பெண்கள், திண்ணையில் ஜமுக்காளம் விரித்தால் இன்னும் பத்துப் பேர். செட்டிநாட்டில் வீட்டையே அதற்கென்று கட்டினார்கள். ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் அந்த மாளிகைகளின் முற்றங்களும் பட்டாசாலைகளும் நகரத்தார் கல்யாணக் கூட்டத்தை அப்படியே உள்வாங்கிக்கொள்ளும். இன்று கடியாபட்டி சிதம்பர விலாஸ் போன்ற வீடுகள் பாரம்பரிய விடுதிகளாகிவிட்டன. உறவினர் காசு கொடுக்காமல் படுத்த இடத்தில் ஒரு நாள் தங்க, இப்போது கல்யாண வீட்டார் அட்வான்ஸ் கட்டுகிறார்கள்.

மண்டபங்களும் மாறின. சாப்பாட்டுக் கூடம் பெருத்தது, கார் நிறுத்தம் பெருத்தது, ஏசி வந்தது. தங்கும் அறைகள் மட்டும் சுருங்கிச் சுருங்கி, பல இடங்களில் 'மணமகன் அறை', 'மணமகள் அறை' என்ற இரண்டு பலகைகளில் வந்து நிற்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுச் சாவியைக் கேட்க முடியாது. அந்த நாளில் ஜமுக்காளத்தில் படுத்து விடிய விடியப் பேசியது எவ்வளவு இனிமை என்று எழுத யாருக்கும் ஆசை வரும். எழுதுகிறவர்கள், அந்த நாற்பது பேருக்கு ஒரே குளியலறை இருந்ததையும், பெண்கள் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து குளித்து முடிக்க வேண்டியிருந்ததையும் சேர்த்து எழுதினால் நியாயமாக இருக்கும். மூட்டு வலிக்காரருக்கு வெஸ்டர்ன் கழிப்பறையும், கைக்குழந்தைக்காரிக்குத் தாழ்ப்பாள் உள்ள கதவும் வேண்டும். அறை போடுவது வீண் பகட்டு என்று தள்ளிவிடுகிறவர்களோடு அதனாலேயே உடன்பட முடியவில்லை.

எல்லோருக்கும் அதே நாள்

ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. பல குடும்பங்களில் புரட்டாசியும் இல்லை. மிச்ச மாதங்களில் வளர்பிறையைத்தான் தேடுகிறார்கள், அதிலும் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் விடமாட்டார்கள். பஞ்சாங்கம் இப்படி வடிகட்டிக் கொடுக்கும் கைப்பிடி நாட்களில்தான் மாநிலமே கல்யாணம் செய்கிறது. முகூர்த்த நாட்களுக்கென்று பத்திரப்பதிவுத் துறை கூடுதல் டோக்கன் ஒதுக்குகிறது என்றால் நெரிசலைப் புரிந்துகொள்ளலாம். பக்கத்துக் கேரளத்தில், 2024 செப்டம்பர் 8 அன்று குருவாயூர் கோயிலில் மட்டும் ஒரே நாளில் 300-க்கும் மேற்பட்ட திருமணங்கள் நடந்தன. அதே ஆண்டு நவம்பர், டிசம்பர் சீசனில் நாடு முழுவதும் சுமார் 48 லட்சம் திருமணங்கள் நடக்கும் என்று அகில இந்திய வர்த்தகர் கூட்டமைப்பு கணித்தது. வியாபாரிகளின் கணிப்பு என்பதால் கொஞ்சம் தாராளமாகவே இருக்கலாம். பாதி என்று வைத்துக்கொண்டாலும், அத்தனை பேரும் ஒரே இரவில் படுக்கை தேடுகிறார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மதுரையில் இது போதாதென்று சித்திரைத் திருவிழாவும் வந்து சேரும். மீனாட்சி திருக்கல்யாணத்துக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் வருகிற கூட்டத்துக்கு நடுவே கல்யாணத்துக்கு அறை தேடுகிறவர் பாடு சொல்லி மாளாது.

ஆகவே மண்டபம் பிடித்த கையோடு அறையும் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் முன்பு, சில சமயம் அதற்கும் முன்பு. சிக்கலின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. ரயிலில் முன்பதிவு முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னால் திறந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைந்துவிட்டது. கையில் டிக்கெட் இருந்தால்தான் வருகிறோம் என்று உறுதியாகச் சொல்லும் குடும்பங்கள் ஏராளம். அறை பிடிக்கும் நாளில் யார் வருவார்கள் என்பது வருகிறவர்களுக்கே தெரியாது. எனவே கல்யாண வீட்டார் யூகத்தில் இருபத்தைந்து என்று சொல்லிவைக்கிறார்கள். "குறைஞ்சா அசிங்கம், கூடினா பரவாயில்லை" என்பது அந்த யூகத்தின் பின்னால் இருக்கிற தத்துவம். அந்தப் 'பரவாயில்லை'க்கு ஒரு விலை உண்டு. கணக்குக்காக ஓர் அறைக்கு நாள் வாடகை ரூ.2,500 என்று வைத்துக்கொள்வோம். ஏழு அறைக்கு ஆள் வராமல் இரண்டு நாள் பூட்டியே கிடந்தால் ரூ.35,000. வரி தனி. அந்த ஏழு அறையும் காலியாகக் கிடந்த அதே இரவில் அதே தெருவில் இன்னொரு கல்யாணத்துக்கு வந்த குடும்பம் அறை கிடைக்காமல் அலைந்திருக்கும் என்பது இந்தக் கணக்கில் வராது.

(பெட்டி)
வரி எவ்வளவு?
ஒரு நாள் வாடகை ரூ.1,000 வரை உள்ள அறைகளுக்கு 2022 ஜூலை 17 வரை ஜி.எஸ்.டி. கிடையாது. மறுநாள் முதல் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.7,500 வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். ரூ.7,500 அறைக்கு வரியோடு ரூ.7,875, ரூ.7,600 அறைக்கு ரூ.8,968. வாடகையில் நூறு ரூபாய் கூடினால் கையிலிருந்து ஆயிரத்துக்கு மேல் போகிறது. பெரிய விடுதியில் பேரம் பேசுகிறவர்கள் இந்த எல்லைக்கோட்டை மனத்தில் வைத்துப் பேசலாம். சொன்ன ரேட் வரியோடா, வரி இல்லாமலா என்பதை முதல் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது.

பன்னிரண்டு மணியும் பிரம்ம முகூர்த்தமும்

விடுதிகளின் கடிகாரமும் தமிழ்க் கல்யாணத்தின் கடிகாரமும் ஒத்துப்போவதில்லை. பெரும்பாலான ஹோட்டல்களில் நாள் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடிகிறது. கல்யாணமோ முந்தின நாள் மாலை வரவேற்போடு தொடங்கி, மறுநாள் விடியலில் தாலி ஏறி, மதியச் சாப்பாட்டோடு முடிகிறது. விருந்தாளி அதற்கும் முன்னால், இரவு ரயிலில் ஏறி, கோழி கூவும் நேரத்தில் வந்து இறங்குகிறார். முதலில் பார்த்த அந்தக் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு வருகிறார்கள், ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குக் கிளம்புகிறார்கள். ஊரில் இருப்பது நாற்பது மணி நேரம்கூட இல்லை. படுத்துத் தூங்குவது ஒரே இரவு. பன்னிரண்டு மணிக் கணக்கில் அவர்கள் கதவு திறந்தே இருக்க வேண்டுமானால் வெள்ளி மதியம் முதல் திங்கள் மதியம் வரை மூன்று நாள் வாடகை கட்ட வேண்டும். வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கு வைக்கும் லாட்ஜாக இருந்தால் இரண்டு நாள் போதும். இருபத்தைந்து அறைக்கு இந்த ஒரு நாள் வித்தியாசம் ரூ.62,500. பளிங்குத் தரையைப் பார்த்து மயங்கி ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. கோயில் ஊர்களின் பழைய லாட்ஜ்கள் பலவற்றில் இன்றும் 24 மணி நேரக் கணக்குதான்.

24 மணி நேர லாட்ஜ் கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. விடிகாலையில் வருகிறவர்களுக்கு அறை தேவையில்லை. குளிக்க, உடை மாற்ற, ஒரு மணி நேரம் முதுகைச் சாய்க்க இடம் வேண்டும். வெள்ளி மதியத்திலிருந்தே மூன்று அறைகளை மட்டும் எடுத்து, ஒன்று ஆண்களுக்கு, இரண்டு பெண்களுக்கு என்று வைத்துவிட்டால் காலை வண்டிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குளித்துக் காப்பி குடித்துவிடுவார்கள். சனி இரவுக்கு இருபத்தைந்து அறை. ஞாயிறு காலை முகூர்த்தத்துக்குக் கிளம்பும்போதே பெட்டியைக் கட்டி மண்டபத்தில் ஒரு பூட்டிய அறையில் வைத்துவிட்டு, இரவு ரயில்காரர்கள் சாய்ந்துகொள்ள மட்டும் மறுபடி மூன்று அறை. கூட்டினால் 31 அறை-நாள், ரூ.77,500. எல்லோருக்கும் மூன்று நாள் போட்டிருந்தால் 75 அறை-நாள், ரூ.1,87,500. மிச்சம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். சௌகரியத்தில் பெரிய குறைவு இல்லை, மண்டபத்தில் பெட்டிகளுக்குக் காவலாக நம்பகமான ஓர் ஆள் வேண்டும் என்பதைத் தவிர. உறுதியான டிக்கெட் வைத்திருக்கும் பயணிகளுக்கு ரயில் நிலைய ஓய்வறைகளும் இருக்கின்றன, பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு இணையத்திலேயே பதிவு செய்யலாம். நெரிசல் நாளில் அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஆனால் இந்தக் கணக்கைப் போடுவதற்கு ஒரு தகவல் வேண்டும். யார், எந்த வண்டியில், எத்தனை பேர், எப்போது கிளம்புகிறார்கள்? நம் வீடுகளில் பத்திரிகை கொடுக்கப் போகிறவர் இந்த நான்கையும் கேட்பதில்லை. "குடும்பத்தோட ரெண்டு நாள் முன்னாடியே வந்துடணும்" என்று சொல்லிவிட்டு வருகிறார். வந்தால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும்.

சாவிக் கொத்து யார் கையில்?

ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு தாய்மாமாவோ பெரியப்பா மகனோ இந்த வேலைக்கு மாட்டுவார். கையில் நாற்பது பக்க நோட்டு. இடது பக்கம் அறை எண், நடுவில் பெயர், வலது ஓரத்தில் தலை எண்ணிக்கை. வெள்ளிக்கிழமை மாலை வரை அந்த நோட்டு பேனாவில் இருக்கும், அதற்கப்புறம் பென்சில்தான். 207-இல் கோயம்புத்தூர் அத்தை என்று எழுதியதை அடித்துவிட்டு, அங்கே மாப்பிள்ளையின் மேலதிகாரி வருகிறார். அத்தை மூன்றாவது மாடிக்குப் போகிறார். லிஃப்ட் வேலை செய்யவில்லை என்பது அப்புறம் தெரிகிறது. தாலி கட்டிய நேரம், சாப்பாட்டில் எத்தனை வகை எல்லாம் ஐந்து வருஷத்தில் மறந்துவிடும். மூன்றாவது மாடி மறக்காது.

அறை இப்படி மரியாதையின் அளவுகோலாகிவிட்டதால், யாருக்கு ஏசி, யாருக்குச் சாதா அறை, யாரை யாரோடு சேர்த்துப் போட்டார்கள் என்பதெல்லாம் சபையில் உட்காரவைத்த வரிசைக்குச் சமமாகிறது. சம்பந்தி வீட்டாரின் தங்குமிடம் பெண் வீட்டின் பொறுப்பு என்ற வழக்கம் உள்ள குடும்பங்களில் நிலைமை இன்னும் மோசம். "எங்க சைடுல ஒரு பதினஞ்சு ரூம் போட்டுடுங்க" என்ற ஒரு வரி போனில் வரும். பெண்ணின் அப்பா ஏன் பதினைந்து என்று கேட்கமாட்டார். கேட்டால் கஞ்சன் என்ற பெயர் மகளோடு சேர்ந்து புகுந்த வீட்டுக்குப் போகும். பாத்திரம், கட்டில், பீரோ என்று சீர் வரிசையில் எழுதிக் கொடுக்கும் பட்டியலில் இது இருக்காது. ஆனால் தொகையைப் பார்த்தால் பீரோவைவிடப் பெரியது. இரு வீட்டாரும் செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும் கல்யாணங்கள் பெருகிவரும் இந்த நாளிலும், மண்டபமும் சாப்பாடும் பாதிப் பாதியாகப் பிரிகின்றன, ரூம் கணக்கு மட்டும் பழைய பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. அவரவர் விருந்தாளிக்கு அவரவர் அறை என்று நிச்சயதார்த்தத்தன்றே பேசிவிட்டால், அந்தப் பதினைந்து தானாகவே எட்டாகிவிடும்.

மௌனம் இன்னொரு இடத்திலும் செலவு வைக்கிறது. அறையைக் காலி செய்யும்போது பில் நீட்டப்படும். அதில் வாடகை மட்டும் இருக்காது. எக்ஸ்ட்ரா பெட், அறைக்கு வரவழைத்த பூரி, துவைக்கப் போட்ட வேட்டி எல்லாம் இருக்கும். விருந்தாளி, "கல்யாண வீட்ல பாத்துப்பாங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. வாடகை எங்களுடையது, மற்றது உங்களுடையது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கேட்டால் மரியாதைக் குறைவா?

இதற்குப் பெரியவர்கள் சொல்லும் ஆட்சேபம் லேசானதல்ல. இலையில் உட்கார்ந்தவரிடம் "சோறு வேணுமா?" என்று கேட்பது நம் வழக்கமில்லை, போட்டுவிட்டு, போதும் என்று கையால் மறைத்தால்தான் நிறுத்துவோம். அதேபோல "ராத்திரி தங்குவீங்களா?" என்று கேட்டாலே தங்கவேண்டாம் என்கிறார்கள் போலிருக்கிறது என்று எதிராளி எடுத்துக்கொள்வார். உறவுக்குள் கணக்கு நுழையக் கூடாது என்பது இதன் சாரம்.

ஆனால் நம் கல்யாணங்களைவிடக் கணக்கு சுத்தமாக நடக்கும் இடம் எது? மொய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர், பெயர், தொகை, எழுதியவர் கையெழுத்து வரை இருக்கிறது. பல ஊர்களில் மைக்கில் வாசிக்கிறார்கள். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்துகளில் கம்ப்யூட்டர் வைத்து ரசீது அடித்துக் கொடுக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு முன் வாங்கிய மொய்யைப் பழைய நோட்டில் தேடி எடுத்துக் கூட்டித் திருப்பிச் செய்கிற சமூகம், "எந்த வண்டியில் வர்றீங்க?" என்று கேட்பதற்குக் கூச்சப்படுவது விசித்திரம். பத்திரிகையில் 'அன்பளிப்பைத் தவிர்க்கவும்' என்று முதலில் அச்சடித்தவரையும் ஊர் முறைத்துத்தான் பார்த்திருக்கும். இன்று அது யார் கண்ணையும் உறுத்துவதில்லை. நேரில் வராமல் பத்திரிகையைத் தபாலில் அனுப்புவது ஒருகாலத்தில் பெரிய குற்றம். 'இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கருதி' என்ற ஒரு வரி அந்தக் குற்றத்தையும் கழுவிவிட்டது. தங்குமிடத்துக்கும் அப்படியொரு வரி பழக்கத்துக்கு வர வேண்டும். வாட்ஸ்அப்பில் பத்திரிகையோடு போனாலும் போதும்.

அடுத்த ஆட்சேபம் அனுபவத்திலிருந்து வருவது: கேட்டாலும் யார் நேராகப் பதில் சொல்கிறார்கள்? "பாக்கலாம்", "ட்ரை பண்றோம்", "நாங்க இல்லாமலா?" இந்த மூன்றுக்குமே அகராதியில் அர்த்தம் இல்லை. உண்மைதான், கேள்வியை அப்படிக் கேட்டால் பதிலும் அப்படித்தான் வரும். "வருவீங்களா?" என்பது பாசத்தைச் சோதிக்கும் கேள்வி, அதற்கு இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. "டிக்கெட் எந்த வண்டியில எடுத்திருக்கீங்க? ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பணும்" என்று கேட்டுப் பார்க்கலாம். டிக்கெட் எடுத்தவர் வண்டி பெயரைச் சொல்வார். எடுக்காதவர் இழுப்பார், இழுவையிலேயே பதில் இருக்கிறது. அறுபது நாள் விதியை எல்லோரும் சபிக்கிறார்கள். கல்யாண வீட்டுக்கு மட்டும் அது ஒரு வசதி. முன்பதிவு திறந்து ஒரு வாரம் பத்து நாளில் வருகிறவர் யார் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். அதனால் ஆறு மாதம் முன்பு தாராளமாக அறை பிடித்து வைத்து, கல்யாணத்துக்கு நாற்பத்தைந்து நாள் முன்பு வரை வேண்டாததைத் திருப்பித் தரலாம் என்று விடுதியோடு பேசிக்கொள்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முப்பது பிடித்து, பதினெட்டில் நிற்கலாம். பஸ்ஸிலும் காரிலும் வருகிறவர்களுக்கு இந்தச் சோதனை பலிக்காது. அவர்களுக்காக இரண்டு அறை உபரி வைத்தால் போதும்.

இன்னும் ஒன்று சொல்வார்கள்: விருந்தாளியையே வாடகை கொடுக்கச் சொல்வதா? இங்கே ஒரே விதி எல்லோருக்கும் பொருந்தாது. வயதானவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள், பஸ் காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு கிராமத்திலிருந்து வருகிற உறவு, இவர்களிடம் பணப் பேச்சே எடுக்கக் கூடாது. கேட்பதற்கு முன்பே அறை இருக்க வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் சம்பளம் வாங்கும் ஒன்றுவிட்ட தம்பிகள், கல்லூரி நண்பர்கள், அலுவலகத்துக்காரர்கள் விஷயம் வேறு. அவர்களுக்காகப் பணம் கட்டிப் பிடித்து வைப்பதைவிட, "இந்த விடுதியில் நம் கல்யாணப் பெயரைச் சொன்னால் இந்த ரேட், இந்தத் தேதிக்குள் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்று நம்பரைக் கொடுப்பது இரு தரப்புக்கும் நிம்மதி. தன் காசில் போட்டால் பிடித்த அறையை எடுக்கலாம், ஒரு நாள் கூடத் தங்கி மீனாட்சியைப் பார்க்கலாம், யாருக்கும் கடன்பட வேண்டாம். இதில் சங்கடமானது ஒன்றுதான்: யாருக்கு நாம் போடுகிறோம், யாரைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறோம் என்ற கோடு. அந்தக் கோட்டை அந்தஸ்தை வைத்துக் கிழித்தால் சண்டை வரும். வயதையும் தேவையையும் வைத்துக் கிழித்தாலும் ஒரு சிலர் முகம் சுளிப்பார்கள், ஆனால் மற்ற சொந்தங்கள் கல்யாண வீட்டார் பக்கம்தான் பேசுவார்கள்.

(பெட்டி)
முகம் தமிழ், பாஸ்போர்ட் கனடா
சிங்கப்பூர், மலேசியா, கனடா, லண்டன் என்று வரும் சொந்தங்களில் பலர் அந்தந்த நாட்டுக் குடிமக்கள். தமிழ் பேசினாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். அவர்களுக்கு அறை கொடுக்கும் விடுதி, 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரத்தைக் குடியேற்ற அதிகாரிகளுக்கு இணையம் வழியே தெரிவிக்க வேண்டும். 'சி படிவம்' என்று விடுதிக்காரர்கள் சொல்வது இதைத்தான். இந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளாத சிறிய லாட்ஜ்கள், பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் ரூம் இல்லை என்று கைவிரித்துவிடும். எனவே அறை பிடிக்கும்போதே வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எத்தனை என்று சொல்லிவிடுவது உத்தமம். உள்நாட்டுக்காரர்களும் அடையாள அட்டையைப் பட்டுப்புடவைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

விடுதிக்காரரின் பயம்

விடுதிகளை வில்லனாக்குவது சுலபம். முகூர்த்த நாளில் ரேட்டை ஏற்றுகிறார்கள், அட்வான்ஸைத் திருப்பித் தருவதில்லை என்ற புகார்களில் உண்மை உண்டு. அவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இன்று காலியாகக் கிடந்த அறையை நாளை இரண்டு தரம் விற்க முடியாது. இருபத்தைந்து அறையைப் பேச்சளவில் பிடித்து வைத்துவிட்டு, முதல் நாள் இரவு "பதினஞ்சு போதும்" என்று சொல்லும் கல்யாண வீட்டாரை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். மூன்று பேருக்கான அறையில் எட்டுப் பேர் படுப்பதையும் பார்த்திருப்பார்கள். எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில் இரு தரப்புமே தங்களைக் காத்துக்கொள்ள அடுத்தவரை அமுக்குகிறார்கள். எத்தனை அறை, வரியோடு என்ன வாடகை, எந்தத் தேதி வரை இலவசமாகத் திருப்பலாம், அதற்குப் பின் எவ்வளவு பிடிப்பார்கள், காலை வண்டிக்காரர்களுக்கு என்ன ஏற்பாடு, எக்ஸ்ட்ரா பெட் என்ன விலை என்பதை ஒரு தாளிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்கிவிட்டால் அந்த அமுக்கலுக்கு வேலை இல்லை. மண்டபக்காரரிடம் கரன்ட் பில், ஜெனரேட்டர் டீசல், துடைப்பக்கட்டை வரை ஒப்பந்தம் போடுகிற நாம், விடுதியில் மட்டும் மேனேஜர் தெரிந்தவர் என்ற தைரியத்தில் விட்டுவிடுகிறோம். கல்யாணத்தன்று அவர் லீவில் இருப்பார்.

இதை ஒழுங்காகச் செய்யும் ஊர் ஒன்று நம்மிடமே இருக்கிறது. மயிலாடுதுறை மாவட்டத்துத் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் குடும்பம் குடும்பமாக வருகிறவர்களை நம்பி வாழும் ஊர் அது. அங்கே அறை, சாஸ்திரிகள், மாலை, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே பேச்சில் முடிக்கலாம். எத்தனை பேர், எத்தனை அறை, எந்த வேளைச் சாப்பாடு என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. அறுபது வயதுத் தம்பதியின் பிள்ளைகள் அந்தக் கேள்விக்குக் கூச்சப்படாமல் தலை எண்ணிப் பதில் சொல்கிறார்கள். அதே பிள்ளைகள்தான் தங்கள் மகள் கல்யாணத்துக்கு யூகத்தில் இருபத்தைந்து என்கிறார்கள்.

நோட்டில் எழுதாத பெயர்கள்

அறைப் பட்டியல் எவ்வளவு நுணுக்கமாகத் தயாரானாலும் அதில் சிலர் இருப்பதில்லை. முந்தின நாளே வந்துவிடும் சமையல் குழு, காய் நறுக்கும் பெண்கள், நாதஸ்வரக்காரர்கள், சொந்தங்களை ஏற்றி வந்த வேன் டிரைவர்கள். இவர்களும் வெளியூர்தான், இவர்களுக்கும் ராத்திரி உண்டு. சமையல்காரர்கள் மண்டபத்துச் சமையல்கட்டிலேயே, அடுப்புச் சூடு இறங்காத தரையில், காலி அரிசிச் சாக்கை விரித்துப் படுக்கிறார்கள். காய் நறுக்கும் பெண்கள் ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இரண்டு மணிக்கு எழுந்தால்தான் ஆறு மணி டிபனுக்கு இட்லி வேகும்.

டிரைவர்கள் விஷயத்தில் சட்டமே தலையிட்டிருக்கிறது. 2023-இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, விருந்தாளிகளின் டிரைவர்களுக்குத் தங்கும் கூடமும் கழிப்பறையும் விடுதிகளில் இருக்க வேண்டும் என்றது. இரவெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டுத் தூங்காமல் மறுநாள் திரும்ப ஓட்டுவது விபத்துக்கு வழி என்பது இதில் உள்ள நியாயம். விடுதி பிடிக்கப் போகிற கல்யாண வீட்டார் அந்தக் கூடம் எங்கே இருக்கிறது, எத்தனை படுக்கை என்று விசாரித்தால் ஒரு நிமிஷம் ஆகும். மண்டபத்தில் ஒரு மின்விசிறிக்கு அடியில் நாலு பாய் விரிக்கச் சொல்லவும் அதே ஒரு நிமிஷம்தான். அவர் ஓட்டும் வேனில்தான் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஊர் திரும்பப் போகிறார்கள்.

சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு வரவேற்பு முடிந்து விளக்குகள் அணைகின்றன. தாய்மாமா கடைசிச் சாவியையும் கொடுத்துவிட்டு நோட்டை மூடுகிறார். வெளியே வேப்பமரத்தடியில் வேன் நிற்கிறது. முன் சீட்டைச் சாய்த்துப் போட்டு, கொசுவுக்குத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, கால்களை ஜன்னல் வழியே வெளியே நீட்டியபடி டிரைவர் தூங்குகிறார். இருபத்தைந்து அறைக்கும் பெயர் எழுதிய நோட்டில் அவருடைய பெயர் இல்லை. அட்டையின் உள்பக்கத்தில் வண்டி நம்பர் மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறது.